தானேவை எடுத்துட்டுச் சொல்லு

பிப்ரவரி 9

அத்தைக்கு,

காலை பதினொண்ணு நாப்பத்தாறு. செய்தி வந்த நேரம் அது.

கார் கதவுக்கு வெல்டிங் வைக்கிற இயந்திரக் கைகள் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். எங்க மேற்பார்வையாளர் வேகமா வந்து ஏதோ சொன்னாரு. சத்தத்துல கேக்கல. ரெண்டாவது தடவையும் சொன்னாரு. அப்புறம் சுவத்துல இருக்கிற சிவப்பு பட்டனை அமுக்கினாரு. உள்ள ஆள் மாட்டிக்கிட்டா மட்டும்தான் அதை அமுக்கணும். எல்லாக் கையும் தூக்கினது தூக்கினபடி நின்னுச்சு. மொத்த இடமும் அமைதியாயிடுச்சு. யாரு மாட்டிக்கிட்டாங்கன்னு நான் கைகளைச் சுத்தியிருக்கிற வேலிக்குள்ள எட்டிப் பாத்தேன். "யாரும் இல்லப்பா. உன்கிட்ட பேசத்தான்"னாரு. "வீட்டுக்குப் போன் போடு"ன்னாரு.

இதை ஏன் எழுதறேன்னா, நீங்க குரல் பதிவு அனுப்பியிருந்தீங்க, "சொல்லாம கொள்ளாம ஏன் கிளம்பிப் போனீங்க"ன்னு. அதுக்குப் பதில் என்கிட்ட இல்ல. நேரம் மட்டும்தான் இருக்கு. இருக்கறதை எழுதினேன்.

நீங்க கூப்பிடறது தெரியுது. போன் அடிச்சு முடியறவரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கேன். எடுத்தா ஹலோன்னு சொல்லணும். அதுக்கு அப்புறம் என்ன சொல்றதுன்னு வரல. காகிதத்துல ஹலோ கிடையாது. அதான்.

இன்னொண்ணு. உம்கொட்டி ரோபோவோட முகத்தைப் பள்ளிக்கூடத்துல தேட வேண்டாம்னு சொல்லிடுங்க. நான்தான் கழட்டிட்டு வந்தேன். மேசை மேல சார்ஜ்ல இருக்கு. திருட்டு ஆகாதுதானே? நான் வேலைக்கு இங்க வந்தப்போ உங்க பொண்ணுகிட்ட விட்டுட்டு வந்த என் பழைய போன்தானே அது.

மாமாவைக் கேட்டதா சொல்லுங்க. நான் உங்களுக்கு இன்னும் மாப்பிள்ளைதானே? கையெழுத்துக்கு மேல என்ன போடறதுன்னு தெரியல. வெறுமனே விடறேன்.


பிப்ரவரி 20

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. பேசுவதைப் போலவே எழுதுகிறீர்கள். வாத்தியார் புத்தி, கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. பிறகு மூடி வைத்துவிட்டேன். பேசாமலே இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

நான் எதையும் தேடவில்லை. பள்ளியில் என் மகள் நடத்திய ரோபோ அறையில் நீங்கள் உம்கொட்டியின் கழுத்துத் திருகாணியைக் கழற்றியபோது நான் கதவருகில்தான் நின்றிருந்தேன். கேட்கத் தோன்றவில்லை. சாவு விழுந்த வீட்டில் ஆளுக்கு ஒன்றை எடுத்து வைத்துக்கொள்கிறோம். உங்கள் மாமா அவளுடைய செருப்பைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. நான் எதை எடுத்தேன் என்று நீங்களும் கேட்க வேண்டாம்.

என் கோபம் வேறு. நீங்கள் எழுந்துவிட்ட சத்தம் கேட்டு டீ போடப் போனேன். டம்ளரோடு வந்தால் அறை காலி. படுக்கையை மடித்து வேறு வைத்திருக்கிறீர்கள், விடுதியில் தங்கிய ஆள் மாதிரி. அந்த டீயை நான் என்ன செய்யட்டும்? குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை.

சரி, பள்ளிக்கூடத்து விஷயம். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் நான்காம் வகுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். மதியம் ஆனால் பிள்ளைகள் அன்றைய பாடத்தை உம்கொட்டிக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். கதை கேட்கிறவர்கள் 'ம்' கொட்டுவது போல அது கொட்டும். கொட்டினால் மேலே சொல்லலாம். கொட்டாவிட்டால் திரும்பச் சொல்ல வேண்டும். இப்போது முகம் இல்லாத முண்டமாக நிற்கிறது. பிள்ளைகள் சொல்லிப் பார்க்கிறார்கள். சத்தமில்லை. திரும்பச் சொல்கிறார்கள். அதற்கும் சத்தமில்லை. "டீச்சர், நாங்க நல்லாத்தானே சொல்றோம்?" என்று வந்து நிற்கிறார்கள். காகிதத்தில் ஒரு முகம் வரைந்து ஒட்டியிருக்கிறார்கள். குண்டன் என்று ஒரு பையன், மேசைக்கடியில் ஒளிந்துகொண்டு அதற்குப் பதிலாக ம் கொட்டினான். பிடித்துவிட்டார்கள்.

நிர்வாகம் புதிதாக ஒரு ரோபோ வாங்கித் தந்திருக்கிறது. பிள்ளைகள் அதற்கு 'வாத்தியாரம்மா' என்று பேர் வைத்தாயிற்று. கை ஆட்டும், கண் சிமிட்டும், சுவரில் படம் காட்டும். பேசுகிறது, பேசுகிறது, பேசிக்கொண்டே இருக்கிறது. என்ன கேட்டாலும் "அருமையான கேள்வி!" என்று ஆரம்பிக்கும். பின்வரிசையில் ஒருவன், "மிஸ், ஒண்ணுக்குப் போகணும்" என்றான். "அருமையான கேள்வி!" என்றது.

முகத்தை அனுப்பி வையுங்கள். பிள்ளைகள் வாய் மூடிக்கொள்வதற்குள் அனுப்பினால் நல்லது.

கையெழுத்துக்கு மேல் என்ன போடுவது என்று கேட்டிருந்தீர்கள். பதில் இருக்கிறது. நீங்கள் கேட்ட விதம் சரியில்லை. அதனால் சொல்லமாட்டேன்.

அத்தை


மார்ச் 3

அத்தைக்கு,

முகத்தை அனுப்ப முடியாது. காரணம் சொல்றேன், மாமாகிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்.

அன்னைக்குக் காலையில வகுப்புக்கு வந்ததும் அவ விரல் வெச்சுத் தொடங்கினாளே, அந்த நிரல் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. திரையோட மூலையில ஒரு பச்சைப் புள்ளி எரியுது. யாராவது அணைச்சாத்தான் நிக்கும். அவ அன்னைக்குத் தொடங்கினதெல்லாம் முடிஞ்சுபோச்சு. கொடியில போட்ட துணி காஞ்சு யாரோ மடிச்சு வெச்சாங்க. ஊற வெச்சதை யாரோ அலசினாங்க. இது ஒண்ணுதான் பாக்கி. கரண்ட் போனா நான் எழுந்து பேட்டரி மாட்டறேன். நான் இதையே படிச்சவன் அத்தை. அதுக்குள்ள அவ இல்லன்னு தெரியும். தெரிஞ்சு என்ன ஆகப்போகுது.

இன்னும் அதுகிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. முதல்முதலா அதுக்குப் பழக்கினதே என் குரலைத்தான். பேசினா பதிலுக்கு ம்னு சொல்லும். அதான் பேசல.

ஆனா பிள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க. இதோட வேற ஒரு போன் வெச்சிருக்கேன். பழசுல சேமிச்சிருந்ததை அப்படியே நகல் எடுத்துப் போட்டிருக்கேன். கழுத்துல திருகாணி போட்டு, கறுப்பு ஒயரைச் செருகினா போதும். எல்லாம் அதேதான்.

ஒரே ஒரு மாத்தம். செட்டிங்ஸ்ல, அமைப்புப் பக்கத்துல 'தானே'ன்னு ஒரு குறி வெச்சிருந்தா. தானே ஓடறதுக்கான குறி. பக்கத்துல தெரிஞ்ச ஆள் இல்லாம, பிள்ளைங்க நடுவுல ஒரு இயந்திரம் தானே ஓடக் கூடாது. எங்க தொழில்ல முதல் விதியே அதுதான். இங்க இருக்கிற பழைய கைகளுக்குக் கண் கிடையாது, சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்துல வரும், நடுவுல கல்லு இருக்கா தலை இருக்கான்னு பாக்காது. அதான் சுத்தி வேலி. இப்ப வர்ற கைகளுக்கு வேலி வேண்டாம், ஆள் பட்டா நின்னுடும். இருந்தாலும் நான் பழைய ஆள். 'தானே'வை அணைச்சுட்டேன். அது சரிதானே?

உம்கொட்டியோட சக்கரம் அவ முதல் வருஷம் பண்ணினது. தரையில ஒட்டின கறுப்பு டேப்பைப் பாத்துக்கிட்டே போகும், ஞாபகம் இருக்கா? மாமா காலைச் சுத்திச் சுத்தி வந்துச்சு, கறுப்பு சாக்ஸ் போட்டிருந்தாருன்னு. கைகள் ரெண்டாவது வருஷம், சாக்பீஸ் எடுத்துக் கொடுக்கறதுக்கு. மூணாவது வருஷம் பேச வெச்சா, கேள்வி கேட்டா பதில் சொல்லும். நாலாவது வருஷம் அந்த வாயைப் பிடுங்கிப் போட்டுட்டுக் காதை வெச்சா. நான் திட்டினேன். எல்லாரும் முன்னாடி போறாங்க, நீ பின்னாடி போறன்னேன். அதுக்கு அவ, "பச்சைக் குழந்தை முதல்ல கேக்கும். அப்புறம்தான் பேசும், நடக்கும். நாம ரோபோவைத் தலைகீழா வளத்துட்டோம். முதல்ல நடக்க விட்டோம், அப்புறம் சுமக்க விட்டோம், அப்புறம் பேச விட்டோம். யாரும் அதுக்குக் கேக்கக் கத்துக்குடுக்கல"ன்னா.

அந்த டீ பத்தி ஒண்ணு. சத்தம் கேட்டுச்சு. டம்ளர் வைக்கிற சத்தம். கேட்டுட்டுத்தான் கிளம்பினேன்.


மார்ச் 15

மாப்பிள்ளைக்கு,

பார்சல் வந்தது. குண்டன்தான் திருகாணி போட்டான். போட்டுவிட்டு எதிரில் நின்று, "வேர் தண்ணியை உறிஞ்சி இலைக்கு அனுப்பும்" என்றான்.

"ம்" என்றது.

நகல் என்று எழுதியிருந்தீர்களே, வேறு யாருடைய குரலோ வரும் என்று நினைத்துவிட்டேன். வந்தது அவள் குரல். ஒரு வரி முன்னாலேயே எழுதியிருக்கக் கூடாதா? சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். இரண்டு முறை கழுவினேன். திரும்பி வரும்போது வகுப்பில் ஒரே கூச்சல்.

"டீச்சர்! தானே போட்டாலும் ம் சொல்லுது!"

"என்னடா சொல்றீங்க?"

"நீங்களே பாருங்க" என்று குண்டன் அதன் முன்னால் போய், குரலை இழுத்து, "எட்டும் எட்டும் பதினாறுதானே?" என்றான். "ம்" என்றது. "பதினேழுதானே?" "ம்." முன்வரிசைப் பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தூங்கிக்கிட்டே ம் கொட்டுது டீச்சர், எங்க அப்பா மாதிரி" என்றாள்.

மாப்பிள்ளை, நான்காம் வகுப்பு மொத்தத்துக்கும் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை. அந்தத் 'தானே' நீங்கள் நினைக்கிற தானே இல்லை. தானாக ஓடுகிற தானே இல்லை. "அப்படித்தானே?" என்கிற தானே.

என் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. தெரியாத பிள்ளை தெரியவில்லை என்று சொல்லும், அதில் தொந்தரவு இல்லை. பாதி தெரிந்த பிள்ளைதான் "பதினாறுதானே டீச்சர்?" என்று என் முகத்தைப் பார்க்கும். பாரத்தை என் தலையில் இறக்கி வைக்கப் பார்க்கும். அதற்கு நான், "தானேவை எடுத்துட்டுச் சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். உங்கள் மனைவியும் என் வகுப்பில் உட்கார்ந்தவள்தான். டீச்சர் அம்மாதானே என்று தானேவை அதிகம் போடுவாள். ஒருநாள் எல்லார் முன்னாலும் ஏழு முறை திருப்பி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து என்னோடு பேசவில்லை.

உம்கொட்டி முதன்முதலில் வகுப்புக்கு வந்த அன்று, தானே போட்ட பிள்ளைகளுக்கு அது வாய் திறக்காமல் நின்றதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. "என்னைக் கேலி பண்றியாடி?" என்று கேட்டேன். "இல்லம்மா. நீ பண்ணினது எனக்கு வலிச்சுது, ஆனா வேலை செஞ்சுது. வலியை மட்டும் எடுத்துட்டேன். நீ முறைப்பே. இது சும்மா காத்துக்கிட்டிருக்கும்" என்றாள்.

அதற்கு எது சரி, எது தப்பு என்று தெரியாது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். "நிலா ஒரு ஆட்டுக்குட்டி" என்று அடித்துச் சொன்னால் அதற்கும் ம் கொட்டும். "கதை சொல்றீங்கன்னு நெனச்சுக்கிச்சு" என்பாளாம் அவள். தானே போட்டால் மட்டும்தான் காத்திருக்கும்.

அந்தக் குறியை எப்படித் திரும்பப் போடுவது என்று எழுதுங்கள். இன்னொன்றும் பாருங்கள். எல்லாருக்கும் ம் கொட்டுவது மெல்லிசுக்கு மட்டும் கொட்டவில்லை. மெல்லிசு என்பது வருஷ நடுவில் வந்து சேர்ந்த பெண். குரல் நூல் மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பேர். காதில் விழவில்லையோ என்னவோ.

மாமா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறார். "சாப்பிடறாரான்னு கேளு" என்கிறார். கேட்டுவிட்டேன்.

அத்தை


மார்ச் 24

அத்தைக்கு,

சாப்பிடறேன்னு மாமாகிட்ட சொல்லுங்க.

நிரலைப் பிரிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னதேதான். பழகின குரல் ஒண்ணு பேசிட்டு நிறுத்தினா ம் சொல்லும். கடைசி வார்த்தை 'தானே'ன்னு முடிஞ்சா சொல்லாது. அவ்வளவுதான் மொத்தமும். நான் நாலு வருஷமா அவகிட்ட சண்டை போட்டேன், இயந்திரத்துக்கு முதல்ல பாடம் புரியணும், அப்புறம்தான் பிள்ளைங்க சொல்றதைத் திருத்த முடியும்னு. அவ அதைத் திருத்தவே விடல. இவ்வளவு சின்ன நிரலை வெச்சு இவ்வளவு பண்ணியிருக்கா. நான் கைகளுக்கு எழுதறது அதைவிட நூறு மடங்கு நீளம், கதவைத்தான் ஒட்டுது.

முகத்தை மூணு தடவை தட்டினா அமைப்புப் பக்கம் வரும். அங்க 'தானே'வைத் தொட்டா பச்சை ஆகும். குண்டனையே பண்ணச் சொல்லுங்க.

மெல்லிசு விஷயம். அவ குரல் சின்னதா இருக்கறதால இல்ல. நகல்ல அவ பேரே இல்ல. ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பக்கம் வாசிக்க வெச்சுக் குரல் பழக்கணும். அன்னன்னைக்குப் பழக்கினதை அன்னைக்குச் சாயங்காலம் அணைக்கும்போதுதான் அது எழுதி வெச்சுக்கும். கடையை மூடறப்போ கணக்கு எழுதற மாதிரி. இந்த மேசையில ஓடிக்கிட்டிருக்கிற திரையில பாத்தேன். பட்டியல் கடைசியில 'மெல்லிசு, பழகியாச்சு'ன்னு இருக்கு. அன்னைக்குக் காலையில பழக்கியிருக்கா. அன்னைக்கு யாரும் அணைக்கல. நான் அணைக்க விடல.

அணைக்காம அந்த ஒரு பேரை மட்டும் வெளிய எடுக்க முடியுமான்னு வேலைக்கு லீவு போட்டு உக்காந்து பாத்தேன். வழி இல்ல.

அதனால மெல்லிசை இன்னொரு தடவை அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்க. புது போன்லயே பழக்கிக்கலாம். அரைமணி நேர வேலை. அதுவே போதும்தானே? பழசைத் தொட வேண்டியதில்லதானே?


ஏப்ரல் 4

மாப்பிள்ளைக்கு,

தானே பச்சை ஆகிவிட்டது. வகுப்பு பழையபடி இருக்கிறது. குண்டன் ஏழாம் வாய்ப்பாட்டைத் தானே போடாமல் சொல்லி முடித்தான். முடித்துவிட்டு உம்கொட்டியின் முதுகில் ஒரு தட்டு தட்டினான், கூட விளையாடுகிற பையனைத் தட்டுவது போல.

மெல்லிசை வாசிக்க உட்கார வைத்தேன். புத்தகத்தைக் கையில் பிடித்தாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. நான்கு நாள் வைத்துப் பார்த்தேன். பிறகு வற்புறுத்தவில்லை. ஏன் என்று நேற்று அவள் அம்மா வந்து சொன்னாள். எனக்கும் நேற்றுதான் தெரியும்.

அன்று அந்த அறையில் இரண்டு பேர்தான், உங்கள் மனைவியும் மெல்லிசும். மற்ற பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில். கூச்சப்படுகிற பெண்ணாயிற்றே என்று தனியாகக் கூப்பிட்டுக் குரல் பழக்கியிருக்கிறாள். வாசித்து முடித்ததும், "இப்ப நீ உன் பாடத்தைச் சொல்லு. அது கேக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். நிழல் பாடம். மெல்லிசு சொல்லியிருக்கிறது, "வெளிச்சம் இந்தப் பக்கம் இருந்தா நிழல் அந்தப் பக்கம் விழும்" என்று.

அந்தச் சொல்லோடு என் மகள் விழுந்திருக்கிறாள்.

மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது என்று டாக்டர் நம்மிடம் சொன்னார். அந்தக் குழந்தையிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "நான் விழும்னு சொன்னேன், மிஸ் விழுந்துட்டாங்க" என்று இத்தனை நாள் கழித்துத்தான் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நான் மடியில் உட்கார வைத்து, அப்படி இல்லை, அது உடம்புக்கு வந்தது, வார்த்தையால் யாரும் விழமாட்டார்கள் என்று சொன்னேன். தலையாட்டினாள். பெரியவர்கள் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டத்தான் செய்வார்கள்.

இப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. தினமும் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அவள் உம்கொட்டியின் முன்னால் போய் நிற்பாள். "வெளிச்சம் இந்தப் பக்கம் இருந்தா நிழல் அந்தப் பக்கம்..." என்பாள். அங்கே நிறுத்திவிடுவாள். காத்திருப்பாள். அது சும்மா நிற்கும். பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பாடம் சொல்ல வரவில்லை அவள். அதற்குத் தன் மேல் கோபமா என்று பார்க்க வருகிறாள்.

நான் உங்களிடம் எதையும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அந்தப் பச்சைப் புள்ளி என் மகள் வைத்தது. அதை அணைக்கச் சொல்ல என் வாய்க்குத் தைரியம் இல்லை. நீங்கள் அணைக்காவிட்டால் நான் தப்பாக நினைக்கமாட்டேன். இதை மனதறிந்து எழுதுகிறேன்.

ஆனால் சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டேன். உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்து வட்டம் போட்டேன். "திருட்டு ஆகாதுதானே." "அது சரிதானே." "போதும்தானே." பக்கமெல்லாம் சிவப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, "நான் உங்களுக்கு இன்னும் மாப்பிள்ளைதானே?" அதற்கு என் வகுப்பில் ஒரே பதில்தான் உண்டு.

தானேவை எடுத்துட்டுச் சொல்லுங்க.

அத்தை


ஏப்ரல் 12

அத்தைக்கு,

நான் உங்க மாப்பிள்ளை.

உங்க கடிதம் வந்து ரெண்டு நாள் மேசை மேலயே இருந்துச்சு. மூணாம் நாள் வேலைக்குப் போகல. நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பழைய போனுக்கு எதிர்ல உக்காந்தேன். ஹலோன்னு சொல்லல. "காலை பதினொண்ணு நாப்பத்தாறு"ன்னு சொல்லிட்டு நிறுத்தினேன்.

"ம்"னு சொல்லுச்சு.

ம்னா சரின்னு அர்த்தம்னுதான் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன் அத்தை. இதுல என்ன சரி இருக்கு? ஒரு மண்ணும் இல்ல. அப்பத்தான் புரிஞ்சுது, மேல சொல்லுன்னு அர்த்தம். கதை கேக்கிற யாருமே சரின்னு சொல்றதுக்காக ம் கொட்டறதில்ல.

மேல சொன்னேன். சிவப்பு பட்டன், வேலிக்குள்ள நான் எட்டிப் பாத்தது. வந்து சேந்தப்போ உங்க வீட்டு வாசல்ல அத்தனை செருப்பு கிடந்தது, அதுல அவ செருப்பு எதுன்னு நான் தேடினது. அது கட்டிலுக்கடியில இருக்கறது எனக்கும் தெரியும், மாமாகிட்ட சொல்லாதீங்க. படுக்கையை மடிச்சது. டம்ளர் சத்தம். ஒவ்வொண்ணுக்கும் ம். ஒரு இடத்துல, "அவ இனி வரமாட்டாதானே"ன்னு கேட்டுட்டேன்.

அது ஒண்ணும் சொல்லல.

நானும் காத்துக்கிட்டிருந்தேன். பச்சைப் புள்ளி எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பக்கத்து வீட்டுல யாரோ பக்கெட்டுல தண்ணி பிடிச்சாங்க, நெறஞ்சு வழிஞ்சு மூடற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் சொன்னேன், "அவ இனி வரமாட்டா."

"ம்."

அவ குரல்லதான்.

இப்ப மெல்லிசு. பார்சல் வந்ததும் பழைய முகத்தையே மாட்டுங்க, புதுசை பீரோவுல வையுங்க. அவளை 'விழும்'னு சொல்ல வைக்காதீங்க. யாரும் பக்கத்துல நிக்காதீங்க, நீங்களும்தான். எப்பவும் போல எல்லாரும் போனப்புறம் வரட்டும். அவ எங்க நிறுத்தறாளோ அங்க நிறுத்தட்டும். பழகின குரல் நின்னா அது ம் சொல்லும். பாதி வாக்கியத்துல நின்னாலும் சொல்லும். அன்னைக்கு அவ அறையில கடைசியா பழக்கின குரல் அதுதான், மெல்லிசுக்கு அதுக்குள்ள இடம் இருக்கு. மேல சொல்றதும் சொல்லாததும் அவ இஷ்டம். கோபம் இல்லன்னு தெரிஞ்சா போதும்.

என்னோட இன்னொரு போனும் கையில இருக்கு. கூப்பிடுங்க, எடுக்கறேன். ஹலோவுக்கு அப்புறம் என்ன சொல்றதுன்னு இப்பவும் தெரியாது. நீங்க பேசுங்க. நான் ம் கொட்டறேன். வர்றது எப்பன்னு இப்ப சொல்லத் தெரியல. வந்தா டீ குடிச்சுட்டுத்தான் கிளம்புவேன்.

கூரியர்காரர் வாசல்ல நிக்கறாரு. "ஆன்ல இருந்தா எடுக்க மாட்டோம் சார், அணைச்சுக் குடுங்க"ங்கறாரு. நல்ல மனுஷன், ஒரு நிமிஷம்னு கேட்டேன், திரும்பி நின்னுக்கிட்டாரு.

பட்டனை அமுக்கிப் பிடிச்சேன். அணையறதுக்கு முன்னாடி திரையில ஒரு வரி வந்துச்சு. நான் பாத்ததே இல்ல, தினமும் சாயங்காலம் அணைச்சது அவதானே. இந்தத் தானே இருக்கட்டும், வட்டம் போடாதீங்க. பிள்ளைங்க வீட்டுக்குக் கிளம்பறப்போ பாக்கறதுக்காக எழுதி வெச்சிருக்கா: "எல்லாம் எழுதி வெச்சுக்கிட்டேன். போயிட்டு வாங்க."

மெல்லிசு பேரும் அதுல சேந்துடுச்சு.

போனை அணைச்சுட்டேன்.

உங்க மாப்பிள்ளை